சொல்லாமல் வரும் மருத்துவர்

மருத்துவர் தணிகாசலம் அவர்களோடு பணியாற்றிய பெருமதிப்பிற்குரியோர் அனைவருக்கும் என் பணிவான வணக்கம். நினைவுக் கூட்டத்துக்கு முன்பே எழுதி அனுப்புமாறு கேட்டிருந்தீர்கள். காலம் கடந்து எழுதுவதற்குப் பொறுத்தருள வேண்டும். தாமதத்துக்குக் காரணம் சோம்பல் அன்று. செய்தியை நான் நம்பவில்லை.

அவர் மறைந்தார் என்ற தகவல் எங்கள் ஜவ்வாது மலைக்குக் கைப்பேசி வழியாக வந்தது. வெந்தயம் தின்றால் சர்க்கரை நோய் ஒரே வாரத்தில் ஒழியும் என்ற தகவலும் அதே கைப்பேசியில்தான் வருகிறது. ஆகவே அவருடைய எண்ணுக்கே அழைத்தேன். எடுத்தவர் அவர் மகள். "மலையிலிருந்து பேசுற அம்மாதானே? யார் சொன்னாலும் நீங்க நேரா கேட்டுத்தான் நம்புவீங்கன்னு அப்பா சொல்லுவாரு" என்றார். அதற்குமேல் எதையும் கேளாமல் அழைப்பை முடித்துக்கொண்டேன்.

பள்ளியில் நான் பயின்றது சொற்பம். மற்றவை நானே முயன்று கற்றவை. அதனால் பெயர்ப்பலகையை வாசித்த அளவில் நிறைவடைவதில்லை. மூச்சுக்குத் தவித்த என் கணவரை மலையிலிருந்து இறக்கிக்கொண்டு போன அன்று, முதலில் நுழைந்த மருத்துவமனையில் 'தீவிர சிகிச்சைப் பிரிவு' என்று பெரிதாக எழுதியிருந்தது. அதற்குரிய மருத்துவர் எங்கே என்றேன். "சாயங்காலம் வருவாருமா" என்றார்கள். வண்டியைத் திருப்பச் சொல்லி உங்கள் மருத்துவமனைக்கு வந்தேன். அங்கே கசங்கிய சட்டையோடு ஒருவர் ஓடி வந்தார். தீவிர சிகிச்சைக்கென்றே தனியே படித்தவரா என்று அவரையும் கேட்டேன். என் கணவரின் முகத்தில் பிராணவாயு முகமூடியைப் பொருத்தியபடியே சொன்னார்: "படிச்சிருக்கேன்மா. ராத்திரியும் இங்கதான் இருப்பேன். அதையும் சேர்த்துக் கேளுங்க."

கணவர் பிழைத்தார். இரத்த அழுத்தம் ஏறி நுரையீரலில் நீர் கோத்ததால் வந்த திணறல் என்றார்கள். வீடு திரும்பும் நாளில் மருத்துவர், "கடைசியா எப்ப பிரஷர் பார்த்தீங்க?" என்று அவரிடம் வினவினார்.

"நோவு இல்லாதப்ப அத்த இன்னாத்துக்கு சார் பாக்கணும்?"

"நோவு இல்லாதப்ப அதைப் பாத்திருந்தா, இப்ப என்னைப் பாத்திருக்க வேணாம்."

அடுத்த மாதமே இரத்த அழுத்தக் கருவியோடு எங்கள் ஊருக்கு வந்தார். மாதந்தோறும் வரப்போவதாகவும் அறிவித்தார். எங்களுக்கு ஐயம் மிகுந்தது. உயிர் ஊசலாடுவோரைக் காப்பவர், ஏர் ஓட்டப் போகிறவர்களின் கையில் பட்டை கட்டிப் பார்க்க மலையேறுவானேன்? பக்கத்து வீட்டுச் சின்னப்பொண்ணு அக்கா, "மாத்திர கம்பெனி ஆளா இருப்பாரு. இல்லாட்டி ஓட்டுக்கு நிப்பாரு, பாரேன்" என்றாள். நான் சுற்றி வளைக்காமல் அவரிடமே கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. "எங்கிட்ட சாகக் கிடக்குறவங்கள்ல பல பேரு அங்க வந்திருக்கவே கூடாதும்மா. அந்தக் கோவம்தான்" என்றார்.

அழுத்தம் மிகுந்தவர்களுக்கு மாத்திரைகள் தந்தார். அடுத்தடுத்த மாதங்களில் எல்லோருக்கும் அழுத்தம் சீராக இருந்தது. இம்முறை ஐயுற்றவர் அவர். புளியம்பழம் உலுக்கிக்கொண்டிருந்த ஒரு நாள், முன்னறிவிப்பின்றி மரத்தடியில் வந்து நின்றார். ஒவ்வொருவரையும் களைப்பு ஆறும்வரை உட்காரவைத்துப் பார்த்தார். ஒருவருக்கும் சீராக இல்லை.

"மாத்திரை சாப்பிடலையா?"

"சாப்டுறோம் சார். நீங்க வர்ற வாரத்துல தவறாம சாப்டுறோம்" என்றாள் சின்னப்பொண்ணு அக்கா. "அம்மாந் தொலவு ஏறி வர்றீங்க. உங்க மொகம் வாடக் கூடாதுல்ல."

விருந்தாளிக்காக வாசல் மெழுகுவதைப் போல, அவருக்காக எங்கள் ஊரார் உடம்பைச் சீர்செய்து வைத்திருந்தனர். அவர் கடிந்துகொள்ளவில்லை. "சரி, எனக்காகவே சாப்பிடுங்க. ஆனா இனிமே எப்ப வருவேன்னு சொல்ல மாட்டேன்" என்றார். அன்று முதல், இன்று வருவாரோ நாளை வருவாரோ என்ற சந்தேகத்தில் ஊர் முழுவதும் அன்றாடம் மாத்திரை விழுங்கியது. என் கணவருக்கு மீண்டும் மூச்சுத் திணறல் வராதிருந்ததற்கு அந்தச் சந்தேகமே காவல்.

தம் கருவிகளில் ஒன்றை அவர் என்னிடம் விட்டுப் போனார். அதுவும், சொல்லாமல் போய்ப் பார்க்கும் வழக்கமுமே அவரிடமிருந்து எனக்கு எஞ்சியவை. அவ்வாறே சென்ற வாரம், சாமைக் கொல்லையில் நின்ற என் கணவரை உட்காரவைத்துப் பார்த்தேன். அச்சம் தரும் அளவுக்கு ஏறியிருந்தது. மாத்திரையை நிறுத்திவிட்டதாக ஒப்புக்கொண்டார்.

"வர்றதுக்கு யாரு கீறா? டாக்டரே பூட்டாரு. ஊருக்கெல்லாம் மாத்திர குடுத்தவர அந்த மாத்திர காப்பாத்தலையே. அப்புறம் எனக்கு இன்னாத்துக்கு?"

இதையே இப்போது ஊரில் பலரும் சொல்கிறார்கள். அவர் நெஞ்சடைப்பில் போனார் என்கிறார் ஒருவர். மருத்துவர் தமக்கு ஒருநாளும் பரிசோதனை செய்துகொண்டதில்லை என்கிறார் இன்னொருவர். நான் மறுத்துப் பேசலாம். ஆயினும் அறியாததை அறிந்ததாக உரைத்தால், நாளை என் சொல்லையும் நம்பமாட்டார்கள்.

ஆகவே உங்களிடம் கேட்கிறேன். அவர் எந்த நோயால் இறந்தார்? தம் உடம்பைப் பரிசோதித்துக்கொண்டாரா? மாத்திரை உண்டாரா? விடை அவருக்குப் பெருமை தராததாயினும் மறைக்காமல் எழுதுங்கள். அதை அப்படியே ஊரில் வாசித்துக் காட்டுவேன். என் கணவர் இன்றும் மாத்திரையைத் தொடவில்லை. விரைந்து பதில் எழுதுங்கள்.