தியேகு கொண்டுவந்த ஆடு

மியாலினுவுக்கு ஓரிடத்தில் நிலைகொள்ளாது. பால் கறக்கும்போதுகூட ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். ஆடு நின்றாலும் இவன் நிற்கமாட்டான் என்று சார்தீனியாத் தீவின் அந்த மலையூரே கேலி பேசும். அப்பன் விட்டுப்போன பத்துப் பன்னிரண்டு செம்மறிகளை ஒரு மந்தையாகப் பெருக்கியதும் அதே கால்கள்தான். எங்கே மழை பெய்து புல் துளிர்த்திருக்கிறது என்று மோப்பம் பிடித்துக்கொண்டு அலைவான்.

குட்டி போட்ட ஆடுகளைக் காலையில் மேய்ச்சலுக்கு விட்டுக் குட்டிகளைப் பட்டியிலேயே அடைத்து வைப்பது வழக்கம். சாயங்காலம் மடி நிறைந்து திரும்பும் ஆடுகளிடம் பாலாடைக்கட்டிக்குப் பால் கறந்துகொண்டு, மிச்சத்தைக் குட்டிகளுக்கு விடுவான். அந்தோனியார் திருநாளன்று தெருமுனைச் சொக்கப்பனைக்கு விறகு சேர்க்க அவனும் மனைவி கவீனாவும் ஊருக்குள் போனார்கள். வெயில் சாயும் நேரம் திரும்பியபோது பட்டியில் குட்டிகள் தொண்டை கட்டக் கத்திக்கொண்டிருந்தன. மேய்ச்சல் நிலத்தில் ஓர் ஆடுகூட இல்லை. வேலியை அறுத்திருந்தார்கள். பாதையோரத்தில் லாரிச் சக்கரத் தடம். நாய் வாயில் நுரை தள்ளிச் செத்துக் கிடந்தது.

அன்றிலிருந்து அவன் வீடு தங்கவில்லை. ஓடை ஓடையாக, சந்தை சந்தையாக அலைந்தான். யார் கறி விற்றாலும் தோலைப் புரட்டிப் பார்த்தான். போலீசுக்குப் போகலாமே என்று பாதிரியார் சொன்னதைக் காதில் வாங்காமல் அடுத்த சந்தைக்கு நடந்தான். கவீனா அக்கம்பக்கத்துப் பட்டிகளில் பால் வாங்கிவந்து, புட்டியில் ஊற்றி ஒவ்வொரு குட்டியாக மடியில் போட்டு ஊட்டினாள். ஊட்டி முடிப்பதற்குள் முதல் குட்டிக்கு மறுபடி பசிக்கும். தினம் ஒன்றிரண்டு செத்தன.

மந்தை பறிகொடுத்தவனுக்கு ஆளுக்கோர் ஆடு கொடுப்பது அங்கே தொன்றுதொட்டு வரும் முறை. அந்த ஞாயிற்றுக்கிழமை இடையர்கள் ஒவ்வொருவராக ஏறி வந்தார்கள். கொடுத்ததைத் திருப்பிக் கேட்பதில்லை. வாங்குபவன் ஒயினும் ரொட்டியும் வைத்தால் போதும். மியாலினு ஊற்றிக் கொடுத்தபடி சுற்றிச் சுற்றி வந்தான். வந்த ஆடுகள் வேற்றுக் குட்டிகளை முட்டித் தள்ளின. கவீனா ஒவ்வொன்றின் காலையும் கட்டிப் பிடித்துக்கொண்டு பாலூட்டப் பழக்கினாள்.

கடைசியாக அடுத்த மேட்டுப் பட்டிக்காரர் தியேகு ஓர் ஆட்டைப் பிடித்துக்கொண்டு வந்தார். அவர் கயிற்றை அவிழ்த்ததும் அந்த ஆடு ஒரு சத்தம் கொடுத்தது. குட்டிக் கூட்டத்திலிருந்து ஒரு பெட்டைக்குட்டி தெறித்து ஓடிவந்து மடியை முட்டியது. ஆடு அதன் வாலை முகர்ந்துவிட்டு அசையாமல் நின்றது.

மியாலினு அதன் காதைத் திருப்பினான். தன் மந்தைக்கு அடையாளமாக அவன் போடும் காதுவெட்டின் மேலேயே இன்னொரு வெட்டு. புண் இன்னும் ஆறவில்லை. அவன் கை இடுப்புக் கத்திக்குப் போவதைக் கவீனா பார்த்துவிட்டாள்.

"இப்ப வேணாம்," என்றாள் அருகில் வந்து. "அவரு கிளாஸ் காலியா இருக்கு பாருங்க. ஊத்துங்க."

ஊற்றினான். கண் அந்த ஆட்டின் மேலேயே இருக்க, பாதி ஒயின் தரையில் போயிற்று. தியேகு அவன் முகத்தைப் பார்க்காமல் குடித்துவிட்டு இறங்கிப் போனார்.

மறுநாள் கறவை முடிந்ததும் முடியாததுமாக மேட்டுக்கு ஏறினான். தியேகு கொப்பரையில் உறைந்த பாலைக் கையால் உடைத்துக்கொண்டிருந்தார்.

"வருவேன்னு தெரியும். உக்காரு."

"உக்கார வரல அண்ணே. அது என் ஆடு."

"உன் ஆடுதான். இல்லேங்கல."

"மத்ததெல்லாம்?"

"துறைமுகத்துக்குப் போயிருச்சு. எனக்குச் சேதி தெரியும்போது கப்பலே ஏறிட்டுது. இது ஒண்ணு மட்டும் ஒருத்தன் வீட்ல கட்டிக் கெடந்துச்சு. மல்லுக்கட்டிப் பிடுங்கிட்டு வந்தேன்."

"யார் வீட்ல?"

தியேகு கையைக் கழுவித் துடைத்துக்கொண்டார். அவருடைய உதடு கிழிந்து வீங்கியிருந்ததை மியாலினு அப்போதுதான் கவனித்தான்.

"பேரைச் சொன்னா நீ சும்மா இருப்பியா?"

"இருக்கமாட்டேன்."

"அதான் சொல்லல. என் ரத்தம்டா அது. வேற எதுவும் கேக்காத."

மியாலினு வாசலுக்கும் கொப்பரைக்கும் நடுவே நடந்தான். தியேகுவுக்கு இரண்டு பிள்ளைகள், தங்கை மகன்கள் மூவர். அதில் யாரென்று மனத்துக்குள் முகம் முகமாய்ப் புரட்டினான். கடைசியில் வெளியே வந்து மேட்டிலிருந்து இறங்கினான்.

ஈஸ்டருக்குக் கிடாக்குட்டிகளை மட்டும் வியாபாரிக்குக் கொடுத்து, பிழைத்த பெட்டைகள் அத்தனையையும் நிறுத்திக்கொண்டான். அவை வளர்ந்து குட்டி போடும்வரை வீட்டில் பாலாடைக்கட்டிக்கும் பஞ்சம், பேச்சுக்கும் பஞ்சம். மூன்றாம் வருடம் அவன் மேய்ச்சல் மேடு மறுபடியும் ஆடுகளால் வெள்ளையாயிற்று. ஊர் மகிழ்ந்தது. "இனியாவது ராத்திரி தூங்குங்களேன்," என்றாள் கவீனா.

தூக்கம் வரவில்லை. கல்யாண வீட்டிலும் பூசையிலும் தியேகு வீட்டு இளவட்டங்கள் அவனுக்கு மரியாதையாக வழிவிட்டார்கள். ஒருவன் தோளில் கைபோட்டு நலம் விசாரிப்பான். இன்னொருவன் ரொட்டியைப் பிட்டு நீட்டுவான். மியாலினு வாங்கிக்கொள்வான். மென்றபடியே கொடுத்தவன் கண்ணைப் பார்ப்பான்; பிறகு அடுத்தவனை.