இருபதாவது மூடி

எங்கள் அண்ணன் மறைந்து இன்றோடு ஓராண்டு நிறைகிறது. அழ வேண்டியதை அழுது முடித்துவிட்டேன். தங்கையான நான் இனி நிம்மதியாக எழுதலாம்.

அண்ணன் பிறந்தது நகரியில், எங்கள் அப்பா, நைனாவின் தறிக்குப் பக்கத்தில். நெசவு அவருக்குக் கைவரவில்லை. இழை அறுந்தால் கோபம் வந்துவிடும். அதனால் சித்தூர் போய், பேக்கலைட்டு என்ற பிளாஸ்டிக் பொடியைச் சூடான அச்சில் அழுத்தி மின்சார சுவிட்சுக்கு மூடி செய்யும் பட்டறையில் சேர்ந்தார். யுத்த காலம், நல்ல பொடி வரவில்லை. கிடைத்ததில் செய்த மூடிகள் கீழே விழுந்தாலே உடைந்தன. நார் கலந்தால் உறுதிப்படும் என்று அண்ணன் நினைத்தார். எங்கள் தறியில் மிஞ்சிய பாவு நூலை மூட்டை கட்டிக்கொண்டு போய், நறுக்கிச் சேர்த்தார். மூடிகள் விழுந்தும் உடையவில்லை. முதல் இருபதைத் திருப்பதிப் பக்கம் திருச்சானூர்ச் சத்திரம் ஒன்றுக்குக் கொடுத்தார்கள்.

ஒரு மாதம் கழித்து, பட்டறையில் மீந்திருந்த மூடி ஒன்று அவர் கையிலேயே பிளந்தது. வீட்டுக்குக் கொண்டுவந்து காட்டினார்.

“நூலை அலசினியா?” என்றேன்.

“எதுக்கு அலசணும்?”

“பாவு நூல்ல கஞ்சி இருக்குமே அண்ணா. ஈரத்த இழுத்துகினே இருக்கும். தறிக்காரர் பிள்ளைக்கு இதுகூடத் தெரியலியா?”

அண்ணனுக்கு அப்போதுதான் உறைத்தது. சத்திரத்தில் குளித்த ஈரக்கையோடு விளக்குப் போடுவார்கள். மூடி பிளந்தால் விரல் கம்பியில் படும். மறுநாளே பஸ் ஏறிப்போய்ப் பத்தொன்பதைக் கழற்றினார். “ஒகட்டி எக்கடோ போயிந்தி,” ஒன்று எங்கேயோ போய்விட்டது என்று தெலுங்கில் கைவிரித்தார் சத்திரத்துக் குமாஸ்தா.

அலசிக் காயவைத்த நூல் கலந்த மூடிகள் தாக்குப்பிடித்தன, பட்டறையும் பிழைத்தது. அண்ணனுக்குத்தான் நிம்மதி போயிற்று. திருப்பதியிலிருந்து யார் வந்தாலும், “யாருக்காச்சும் ஷாக் அடிச்சுதா?” என்பார். கோபக்காரர்தான். ஆனால் தன் தப்பை ஒருநாளும் அடுத்தவர் தலையில் கட்டியதில்லை.

கடைசியில் நெஞ்சுநோயில் படுத்தவர், மூன்று நாள் சாப்பிட மறுத்தார். கோயிலில் தாயாரிடம் வேண்டிக்கொள்ளத் திருச்சானூர் போனேன். திரும்பும்போது சத்திரத்தில் நுழைந்து கேட்டேன். அலமாரியை ஒழித்தபோது அகப்பட்டதாகச் சொல்லி, காகிதம்கூடப் பிரிக்காத மூடியைக் குமாஸ்தா எடுத்து நீட்டினார்.

வீட்டுக்கு வந்து கொடுத்ததும் அண்ணன் அதைக் கட்டைவிரலால் அழுத்தினார். இரண்டாகப் பிளந்தது.

“எங்கயும் மாட்டவே இல்லியா?”

“இல்லண்ணா. அலமாரியிலயே கிடந்துகினு இருந்துச்சு.”

இரண்டு துண்டையும் அதே காகிதத்தில் மடித்து வைத்தார். “சோறு இருந்தா போடு, துன்றேன்,” என்றார். அதிலிருந்து நான்காம் நாள் தூக்கத்திலேயே போய்விட்டார்.

வைத்தியம் பார்த்தவருக்கும், தோள் கொடுத்த பட்டறைக்காரர்களுக்கும், அந்தக் குமாஸ்தாவுக்கும் எங்கள் நன்றி. அந்த ஒரு மாதம் ஈரக்கையோடு விளக்குப் போட்டும் நல்லபடியாக ஊர் போய்ச் சேர்ந்தவர்களின் பெயர் எங்களுக்குத் தெரியாது. அண்ணன் இருந்திருந்தால் முதல் நன்றியை அவர்களுக்குத்தான் சொல்லியிருப்பார்.