உத்தரவாதம் இல்லை என்று எழுதியிருந்தேன்

விளம்பரத்தின் முதல் வரியிலேயே எழுதியிருந்தேன்: உத்தரவாதக் காலம் முடிந்துவிட்டது. கடைசி வரியிலும் எழுதியிருந்தேன்: விற்ற பிறகு என் தரப்பில் எந்த உத்தரவாதமும் கிடையாது. நடுவே இருந்த பதினொரு வரிகளில் நான்கு வருடம் பழகிய அந்த கேமிங் லேப்டாப்பின் எல்லாக் குறைகளையும் எண் போட்டு எழுதியிருந்தேன். முதல் இரண்டு நாட்களில் வந்த செய்திகளில் பாதி, "வாரண்டி இருக்கா?" என்று கேட்டன.

அதை விற்றே ஆக வேண்டிய நிலைமை. பினாங்கில் ஒரு தொழிற்சாலையின் சோதனைப் பிரிவில் வேலை கிடைத்திருந்தது. திங்கட்கிழமை சேர வேண்டும். அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமைக்குள் அங்கே பார்த்துவைத்த அறைக்கு ஆயிரத்துத் தொள்ளாயிரம் மலேசிய வெள்ளி கட்ட வேண்டும். இரண்டு மாத முன்பணம், முதல் மாத வாடகை, தண்ணீருக்கும் மின்சாரத்துக்கும் தனியாக இருநூற்றைம்பது. கையிலிருந்த சேமிப்பு பஸ்ஸுக்கும் முதல் சம்பளம் வரைக்குமான சாப்பாட்டுக்கும்தான் போதும்.

அம்மாவிடம் வேறு வழி இருந்தது. கையிலிருக்கும் இரண்டு வளையலையும் சிரம்பானில் அடகு வைத்தால் அரை மணி நேர வேலை என்றார். நான் பாலிடெக்னிக்கில் சேர்ந்தபோது அந்த லேப்டாப்பை வாங்கியதே அந்த வளையல்களை வைத்துத்தான். மீட்கப் பதினான்கு மாதம் ஆயிற்று. அந்தப் பதினான்கு மாதமும் கல்யாண வீடுகளுக்கு அம்மா கண்ணாடி வளையல் போட்டுக்கொண்டு போனார். கேட்டவர்களிடம் தங்கம் போட்டால் அரிக்கிறது என்றார். இன்னொரு முறை அவருக்கு அரிக்கக் கூடாது என்று முடிவு செய்திருந்தேன்.

விலையை நான் குத்துமதிப்பாகப் போடவில்லை. வாங்கியது நாலாயிரத்து எண்ணூற்றுச் சொச்சம். அதே வகை லேப்டாப்புகள் இணையத்தில் என்ன விலைக்குப் போகின்றன என்று ஒரு வாரம் குறித்துவைத்தேன். அதிலிருந்து கழித்தேன். உத்தரவாதம் இல்லாததற்கு இருநூறு. பேட்டரி எழுபது சதவீதத்துக்கு இறங்கிவிட்டதற்கு நூற்றைம்பது. இடது பக்கக் கீல் தளர்ந்ததற்கு எண்பது. இணையக் கம்பி செருகும் துளை ஓர் இடி நாளில் எங்கள் வீட்டு மோடத்தோடு சேர்ந்து செத்துப்போனது; அதற்கு ஐம்பது. எங்கள் வீட்டுக்கு முன்னால் எண்ணெய் எடுக்கும் செம்பனைக் குலை லாரிகள் போகும் மண் பாதை இருப்பதால் விசிறியில் செம்மண் சேரும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்திருக்கிறேன் என்பதற்குக் கூட்டவும் இல்லை, திறந்திருக்கிறேன் என்பதற்குக் கழிக்கவும் இல்லை. கேட்கும் விலை இரண்டாயிரத்து நூற்றைம்பது. அதற்குக் கீழே இறங்கவே கூடாத விலை ஆயிரத்துத் தொள்ளாயிரம்.

இந்தக் கணக்கை யாரும் மதிக்கவில்லை. ஒருவர் சாலை வரி கட்டாத மோட்டர் சைக்கிளையும் மேலே இருநூறு வெள்ளியையும் தருவதாகச் சொன்னார். புக்கிட் பெலண்டோக்கிலிருந்து ஒருவர், வந்து போகும் பெட்ரோல் செலவுக்காக நூறு வெள்ளி குறைக்கச் சொன்னார். அவர் வீட்டிலிருந்து எங்கள் தாமான் குடியிருப்புக்குப் பத்து நிமிடம். மூன்று பேர், லேப்டாப் வைத்திருக்கும் அண்ணனிடம் பேச முடியுமா என்று கேட்டார்கள். எனக்கு அண்ணன் இல்லை, விளையாடியதும் நான்தான் என்று எழுதினேன். அதில் ஒருவர், "அப்ப நல்லா வெச்சிருப்பீங்க சிஸ்டர், கடைசி விலை எவ்வளவு?" என்றார். நான் எழுதியிருந்த பதினொரு குறைகளையும் அவர் அந்த ஒரு வரியில் துடைத்துவிட்டார்.

செவ்வாய்க்கிழமைதான் ஒழுங்கான ஒரு செய்தி வந்தது. பக்கத்து ஊர் சுவாவில் இருந்து, கல்யாண வீடியோ எடுத்து வெட்டி ஒட்டிக் கொடுக்கும் ஒருவர். குறைகளைப் படித்திருந்தார். ஆறாவது குறையைப் பற்றிக் கேள்வி கேட்டார். எனக்குக் கண்ணீர் வராத குறை. மறுநாள் காலை வரச் சொன்னேன். சோதித்துப் பார்க்க உங்களிடம் இருப்பதிலேயே கனமான வீடியோ ஒன்றைக் கொண்டுவாருங்கள், ஒரு மணி நேரம் ஓடட்டும், பிறகு பேசலாம் என்றும் நானே சொன்னேன். அது என் யோசனைதான். இன்றுவரை வேறு யாரையும் குற்றம் சொல்ல முடியவில்லை.

புதன்கிழமை காலை அம்மாவிடம் மூன்று விதிகள் சொன்னேன். விலையைப் பற்றிப் பேசக் கூடாது. லேப்டாப் நல்லது, கெட்டது என்று எதுவும் சொல்லக் கூடாது. முக்கியமாக, வருகிறவரிடம் எந்தத் தோட்டம் என்று கேட்கவே கூடாது.

எங்கள் பக்கத்தில் அந்த ஒரு கேள்விக்கு மேல் எந்த வியாபாரமும் நடக்காது. தோட்டங்களைவிட்டு எல்லோரும் எப்போதோ தாமான்களுக்கு வந்துவிட்டோம். இருந்தாலும் தாத்தா காலத்து ரப்பர் தோட்டத்தின் பெயரைச் சொன்னால், எந்த டிவிஷன், எந்த லயத்து வீட்டு வரிசை, யார் கங்காணி என்று போய், நாலாவது கேள்வியில் ஓர் அத்தை கிடைத்துவிடுவார். அப்புறம் விலை ஏது?

"வீட்டுக்கு வந்த மனுசன்கிட்ட வேற என்னத்தக் கேக்கறது? மழை வருமான்னா?" என்றார் அம்மா.

"பசியாறியாச்சான்னு கேளுங்க. அதோட சமையலறைக்குப் போயிடுங்க."

வந்தவருக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். நான் சொன்னபடியே அம்மா பசியாறச் சொல்லித் தோசை வைத்துவிட்டு உள்ளே போனார். வந்தவர் கீலை ஆட்டிப் பார்த்தார், பேட்டரி அறிக்கையைப் படித்தார், விசிறியில் காது வைத்தார். ஆயிரத்து எண்ணூறு என்றார். நான் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பது என்றேன். வீடியோ தடங்கல் இல்லாமல் ஓடினால் அந்த விலைக்கே எடுத்துக்கொள்கிறேன் என்று சொல்லி, பென்டிரைவிலிருந்து ஒரு கல்யாணத்தை ஓடவிட்டார்.

லேப்டாப் நன்றாகவே ஓடியது. சூடு எண்பது டிகிரியைத் தாண்டவில்லை. ஆனால் நாதஸ்வரச் சத்தம் சமையலறைக்குப் போயிற்று.

அம்மா தோசைத் துடுப்போடு வந்து நின்றார். எதுவும் கேட்கவில்லை, விதியைக் காப்பாற்றினார். மாப்பிள்ளை வீட்டுத் தட்டு வரிசையைப் பார்த்தார், பொண்ணின் சேலைக்கு அந்த ரவிக்கை சரியில்லை என்றார். கேமரா முன்வரிசைக்குப் போனது. வேட்டியில் ஒரு பெரியவர் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டிருந்தார்.

"நிப்பாட்டு, நிப்பாட்டு. இவரு எங்க டிவிஷன் கங்காணி மவனாச்சே?"

"எங்க பெரியப்பா, ஆன்ட்டி," என்றார் வீடியோக்காரர்.

அவ்வளவுதான். அந்த ஆன்ட்டிதான் கடைசி ஆன்ட்டி. அடுத்த வாக்கியத்தில் அம்மா அவருக்கு அத்தை ஆகியிருந்தார். பெரியப்பா மனைவியும் அம்மாவும் ஒரே குழாயடியில் தண்ணீர் பிடித்தவர்களாம். வீடியோ அறுபது சதவீதத்தில் நின்றுகொண்டிருந்தது. இரண்டாவது தடவை தோசை வந்தது. நான் திரையைக் காட்டி, சூடு எழுபத்தெட்டு என்றேன். இருவரும் திரும்பிப் பார்க்கவில்லை.

"பாப்பா எவ்வளவு சொல்லுது?" என்று அம்மா அவரிடம் கேட்டார். என்னிடம் கேட்கவில்லை. அவர் சொன்னார். அம்மா என்னை ஒரு மாதிரி பார்த்தார், ஏதோ நான் அவர் சட்டைப்பையில் கை விட்டதுபோல. "நம்ம புள்ளகிட்டயா? ஆயிரத்து அறுநூறு குடு தம்பி, போதும்."

அவருக்கே கூச்சமாகிவிட்டது. வேண்டாம் அத்தை, பாப்பா கஷ்டப்பட்டுக் கணக்குப் போட்டிருக்கு என்று இழுத்தார். பிறகு பெருந்தன்மையோடு ஐம்பது வெள்ளி கூட்டி, ஆயிரத்து அறுநூற்றைம்பது என்று முடித்தார். நான் மறுத்திருக்கலாம். வேறு ஆள் இல்லை, நடுவில் ஒரு நாள்தான் இருந்தது, அம்மா ஒருவர் முகத்துக்கு நேராக வாக்குக் கொடுத்துவிட்டார். அதே இடத்தில் பணம் என் கணக்குக்கு வந்துவிட்டது.

ஒன்றையாவது காப்பாற்றிக்கொள்ளலாம் என்று, அச்சடித்துவைத்திருந்த தாளை நீட்டினேன். இருக்கும் நிலையில் வாங்குகிறேன், உத்தரவாதம் இல்லை. அவர் மரியாதையாகக் கையெழுத்துப் போட்டார். அம்மா அந்த மை காயுமுன் சொன்னார்: "அது கெடக்குது லா தம்பி. எது ஆனாலும் இங்க கொண்டு வா. பாப்பா இருக்கு, பாத்துக் குடுக்கும்." தனியாக விற்க எடுத்துவைத்திருந்த மௌஸையும் பையில் போட்டுக் கொடுத்தார்.

அவர் போன பிறகு சொன்னேன், இருநூற்றைம்பது குறைகிறது என்று. கோபத்தில் என் குரல் மிகவும் அமைதியாக இருந்தது.

"அதுக்கென்ன, ஒரு வளையல வெச்சா போச்சு," என்று அம்மா அப்போதே கழற்ற ஆரம்பித்தார். சிரித்துக்கொண்டேதான் கழற்றினார். எதற்காக இந்த இரண்டு வாரமும் அந்நியர்களோடு மல்லுக்கட்டினேனோ, அது அவர் விரல் கணுவரைக்கும் வந்துவிட்டது. கையைப் பிடித்துத் திரும்ப ஏற்றிவிட்டேன். "அந்த வளையல் கடைக்குப் போச்சுன்னா நான் பினாங்குக்குப் போகல," என்றேன். அது எனக்கே சிறுபிள்ளைத்தனமாகப் பட்டது. ஆனால் அம்மா கையை இழுத்துக்கொண்டார்.

அறையின் சொந்தக்காரி ஒரு சீனப் பெண்மணி. அவருக்குச் செய்தி எழுத உட்கார்ந்தேன். மரியாதையாக எழுத நினைத்து நாலு முறை அழித்தேன். கடைசியில் அனுப்பியது, இரண்டு வாரமாக எனக்கு வந்துகொண்டிருந்த அதே வரிதான்: கொஞ்சம் குறைக்க முடியுமா? இரண்டு மணி நேரம் பதில் இல்லை. பிறகு வந்தது. குறைக்க முடியாது. தண்ணீர், மின்சார முன்பணத்தை முதல் சம்பளத்தில் கொடுக்கலாம், அதுவரை அறையைக் குளிராக்கும் ஏர்கோன் போடக் கூடாது. சரி என்று உடனே எழுதினேன். நான்கூட இத்தனை வேகமாக யாருக்கும் இறங்கிக் கொடுத்ததில்லை.

பினாங்கில் மூன்றாவது வாரம், ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஏர்கோனின் கீழே அதைப் போடாமல் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது அம்மா கூப்பிட்டார். சுவா தம்பி வந்திருக்கிறதாம். விசிறியில் கரகரவென்று சத்தமாம். தோசை சாப்பிட்டுக்கொண்டிருக்கிறதாம்.

"அவரு கையெழுத்துப் போட்டிருக்காரும்மா. பேப்பர் என்கிட்ட இருக்கு."

"பேப்பர்ல இருக்கறது பேப்பர்லயே இருக்கட்டும் லா. அத்தைன்னு கூப்பிட்டுக்கிட்டு வந்து நிக்குது. நான் என்னன்னு சொல்ல?"

அம்மாவுக்குக் கையை ஆட்டாமல் பேச வராது. போனில் இரண்டு வளையலும் உரசிக்கொண்டே இருந்தன. பக்கத்திலிருந்த தாளை இழுத்து, ஊருக்கு எடுத்துப்போக வேண்டியவை என்று எழுதினேன். ஒன்று, சின்ன ஸ்க்ரூ டிரைவர். இரண்டு, பிரஷ்.

"அடுத்த மாசம் லீவுக்கு வர்றேன். அன்னைக்குக் கொண்டு வரச் சொல்லுங்க," என்றேன்.