எடைமேடைக் கம்ப்யூட்டருக்கு மாதா செய்த உதவி

மாதாவின் பிள்ளைகளே, எண்பத்தெட்டாம் ஆண்டு பொங்கல் முடிந்த வாரம், ஒரு திங்கட்கிழமை காலை, நான் உயிரோடு வீடு திரும்பமாட்டேன் என்று உறுதியாக நம்பினேன். எனக்கு நோய் எதுவும் இல்லை. திருடன் கத்தியைக் காட்டவும் இல்லை. ஒரு கம்ப்யூட்டர் "இனி இடமில்லை" என்று சொல்லிவிட்டது. அவ்வளவுதான்.

எனக்கு வீடு அரியலூரில், வேலை ஒரு சர்க்கரை ஆலையில். சென்னைத் தலைமை ஆபீஸ் பல வருஷம் உழைக்க வைத்துவிட்டு, வயதானதும் அந்தக் கம்ப்யூட்டரை எங்கள் தலையில் கட்டியிருந்தது. பெட்டி ஒன்றுதான். அதிலிருந்து வயர் போய், ஆபீஸ், ஸ்டோர், கரும்புப் பிரிவு, வண்டியோடு கரும்பை நிறுக்கும் எடைமேடை என்று பல இடங்களில் ஆட்கள் ஒரே நேரத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து வேலை பார்ப்பார்கள். அதைக் கட்டி மேய்ப்பவன் நான். பயிற்சிக்குச் சென்னை போய் வந்தவன் என்ற கர்வம் வேறு. அந்த சீசனில் எடைச்சீட்டுப் புத்தகம் அச்சடிக்கவே வேண்டாம், எல்லாச் சீட்டையும் மிஷினே அடித்துத் தரும் என்று மேனேஜரிடம் மார்தட்டியிருந்தேன்.

எடைச்சீட்டு இல்லாமல் ஒரு வண்டிக் கரும்பையும் இறக்க முடியாது. அன்று காலை எடைமேடைத் திரையில் புதிதாக யாரும் நுழைய முடியவில்லை. வெளியே மாட்டுவண்டிகள் ரோடு வரை நின்றன. வெட்டிய கரும்பு வெயிலில் நிற்க நிற்கச் சாறு வற்றும், எடை குறையும். வருஷம் முழுக்கப் பாடுபட்டவனுக்கு அது வயிற்றில் அடி. உள்ளே கரும்பு போகாவிட்டால் அரவை நிற்கும், பாய்லரை அணைக்க வேண்டிவரும்.

வரிசையில் முதல் வண்டி திருமானூர்ப் பக்கத்துக் கலியபெருமாளுடையது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார்.

"என்னங்க சார், ஒங்க மிஷினுக்கு ஜுரமா?"

"சரியாயிடும், இருங்க."

"நான் இருப்பேன் சார். கரும்பு இருக்காதே."

விஷயம் இதுதான். பந்தியில் இத்தனை இலை என்று கணக்கு இருப்பதுபோல, மிஷினுக்குள் இத்தனை வேலைதான் ஒரே நேரத்தில் நடக்கலாம் என்று ஒரு எண் எழுதியிருக்கும். பந்தி நிறைந்துவிட்டது. எண்ணைக் கூட்டினால் தீர்ந்தது என்று நினைத்தேன். கேட்பதைக் கொஞ்சமாகவா கேட்பது? மூன்று மடங்காகப் போட்டேன். அந்த எண்ணோடு மிஷினின் அடிப்படை புரோகிராமைப் புதிதாகக் கட்டி, அணைத்து ஏற்றினேன்.

மிஷின் பாதி வரை எழுந்து, அப்படியே நின்றுவிட்டது. அதன் நினைவகமோ மிகச் சிறியது. நான் விரித்த பெரிய பந்தியை வைக்க அந்த வீட்டில் கூடமே இல்லை. முன்பு எடைமேடை மட்டும்தான் படுத்துக் கிடந்தது. இப்போது ஆலை முழுவதையும் படுக்க வைத்துவிட்டேன்.

மேனேஜர் வந்தார். "என்னய்யா ஆச்சு?"

"வந்துட்டிருக்கு சார்."

"எங்கேருந்துய்யா, சென்னையிலேருந்தா?"

சென்னை இன்ஜினியருக்கு டிரங்க் கால் புக் செய்தேன். லைன் வரவில்லை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஃபேனை நிறுத்தினேன். மறுபடி போட்டேன். எல்லாப் பொத்தானையும் அழுத்தினேன். பிறகு பேரம் பேச ஆரம்பித்தேன். ஏலாக்குறிச்சி மாதாவே, மொட்டை போடுகிறேன் என்றேன். தலையில் போடுவதற்கு அதிகம் மிச்சமில்லை. என் உயரத்துக்கு மெழுகுவர்த்தி வைக்கிறேன் என்றேன். என் உயரத்தைப் பார்த்தவர்களுக்கு மாதாவுக்கு அதில் லாபமில்லை என்று தெரியும். நடந்தே வருகிறேன் என்றேன். முழங்கால் உடனே ஆட்சேபித்தது.

பேரம் பேசப் பேச வாய் வறண்டதே தவிர ஒன்றும் நடக்கவில்லை. பிரிண்டருக்குப் பின்னால் போய்ச் சுவரில் சாய்ந்து நின்றேன். சகோதரர்களே, அங்கேதான் நான் உண்மையாக ஜெபித்தேன். "அம்மா, எனக்குத் தெரியல. நீ பாத்துக்க." இவ்வளவுதான் ஜெபம்.

உடனே ஒரு நினைப்பு வந்தது. மிஷினை நிறுவிய இன்ஜினியர், பழைய அடிப்படை புரோகிராமின் நகல் ஒன்றை வேறு பெயரில் உள்ளேயே விட்டுவிட்டுப் போயிருந்தார். ஏற்றும்போது அந்தப் பெயரை அடித்தால் போதும். இதை என் மூளை எனக்குச் சொல்லவில்லை. என் மூளை காலையிலேயே லீவு போட்டுவிட்டது.

அடித்தேன். மிஷின் எழுந்தது. எடைமேடையில் முதல் சீட்டு கறகறவென்று வந்த சத்தம் எனக்குக் கோயில் மணிபோல் கேட்டது. கலியபெருமாள் வண்டி உள்ளே போனது.

அணைத்து ஏற்றியதில் பந்தி காலியாகியிருந்தது. ஆனால் நிறைந்தது ஏன்? பழைய நானாக இருந்தால் டீ குடிக்கப் போயிருப்பேன். அன்று எதிலும் கை வைக்காமல் எடைமேடையிலேயே உட்கார்ந்து பார்த்தேன். மதியம் ஷிஃப்ட் மாறியது. மல்லிகா வந்து திரைக்கு முன் உட்கார்ந்தார். காலை ஷிஃப்ட் ஆளின் வேலையை முடித்து மூடாமல், அதன் மேலேயே தன் பெயரில் இன்னொன்றைத் திறந்தார்.

"ஏம்மா, அவரோடதை மூடலையா?"

"அய்யய்யோ, அணைக்கக் கூடாதுங்க சார். சாமி கும்பிட்டு ஏத்துனதை சீசன் முடியுற வரைக்கும் அணைக்கக் கூடாதுன்னு மேனேஜர் சார்தான் பூஜையன்னிக்குச் சொன்னாங்க. பொட்டு வெச்சிருக்கு பாருங்க."

திரையின் நெற்றியில் சந்தனமும் குங்குமமும் இருந்தன. ஆலை முழுக்க எல்லா ஷிஃப்ட்டும் இப்படித்தான் பக்தியோடு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருக்கிறது.

மேனேஜரிடம் சொன்னேன். அவர் தலையில் அடித்துக்கொண்டார். "நான் பாய்லரைச் சொன்னேன்யா" என்றார்.

நான் மாதாவிடம் பெரிய பந்தி கேட்டேன். அவளோ, சாப்பிட்டு முடித்தவர்களை இலையை விட்டு எழுப்பிவிட்டாள். அன்று முதல் ஒவ்வொருவரும் வேலை முடிந்ததும் மூடிவிட்டுத்தான் எழுகிறார்கள். அதன்பின் எண்ணில் நான் கைவைக்கவில்லை, மிஷினும் இடமில்லை என்று சொல்லவில்லை. அரவை ஒரு ஷிஃப்ட் கூட நிற்கவில்லை.

கலியபெருமாள் போகும்போது சொன்னார், "நான் வண்டியில உக்காந்து சிறுவாச்சூர் காளியத்தான் வேண்டிக்கிட்டேன் சார்." நான் சண்டைக்குப் போகவில்லை. அவர் கரும்பு காயாமல் இறங்கியது எனக்குப் போதும்.

அந்த ஞாயிறு நானும் மனைவியும் பஸ் ஏறி ஏலாக்குறிச்சி போனோம். மெழுகுவர்த்தி வைத்தேன். "ஒங்க உயரமா இது? மாதா ஏமாந்துட்டா" என்றாள் அவள். அங்கே முழங்காலில் இருந்தபோது சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன.

முன்பெல்லாம் எதற்கும் முதலில் கத்துவேன். இப்போது அப்படி இல்லை. இந்த சீசனிலும் ஒருநாள் மிஷின் முரண்டு பிடித்தது. கையை எடுத்துவிட்டு ஒரு நிமிஷம் கண்மூடி நின்றேன். மேனேஜர் பார்த்துவிட்டார்.

"என்னய்யா, சும்மா நிக்கிற?"

"மேல ஒருத்தங்ககிட்ட கேட்டுட்டிருக்கேன் சார்."

அவர் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார். "அப்படியே பாய்லருக்கும் சேத்துக் கேளுய்யா."

கேட்டேன். நீங்களும் கேளுங்கள். பேரம் வேண்டாம், மொட்டை பிறகு போட்டுக்கொள்ளலாம். எனக்குத் தெரியவில்லை என்று அவளிடம் சொல்ல மட்டும் வெட்கப்படாதீர்கள். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் அன்று காலை முழுவதும் அம்மா என் பக்கத்திலேயே காத்துக்கொண்டிருந்தாள்.