சராசரி பூஜ்யம்

இதைக் கதை என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். நடந்தது இது. அதிர்வுப் பதிவு என் லேப்டாப்பில் அப்படியே இருக்கிறது. தேதி, மணி, எல்லாம்.

பெங்களூருவில் ஐந்து வருடம் கணித ஆராய்ச்சி செய்து பாதியில் விட்டவன் நான். என் பாடம் வீக் கன்வர்ஜென்ஸ். ஓர் அலை மேலும் கீழுமாக மிக வேகமாக ஆடினால், அதன் சராசரி பூஜ்யம் ஆகிவிடும். அலையே இல்லை என்று தோன்றும். ஆனால் வர்க்கப்படுத்திச் சராசரி எடுத்தால் பூஜ்யம் வராது. ஆற்றல் அங்கேயே இருக்கும். நேரியல் அல்லாத சமன்பாடுகள் இந்த இடத்தில்தான் ஆளைக் கவிழ்க்கும். சராசரிக்குத் தப்பிய அந்த ஆற்றல் எங்கே நிற்கிறது, எந்தத் திசையில் போகிறது... இரண்டையும் சேர்த்துப் பிடிக்க வழி உண்டு. அதற்கு ஒரு புரோகிராம் எழுதினேன். பட்டம் வாங்கவில்லை.

இப்போது சாம்பியன் ரீப்ஸ் தங்கவயலில் நைட் ஷிப்ட். மூடிய சுரங்கத்தைச் சுற்றிப் பதினோரு அதிர்வுமானிகள். பேட்டரி மாற்றுகிறவர் ஹரோல்ட் அண்ணன். சுரங்கத்துக்குள் இறங்கும் குழியான ஷாப்டின் வேலிக்குள் நுழையும் முன் அவர் எனக்குப் போன் செய்ய வேண்டும். நான் பத்து நிமிடச் சராசரி பூஜ்யமா என்று பார்த்து ‘கிளியர்’ சொல்ல வேண்டும். கம்பெனி விதி அவ்வளவுதான்.

இரவு 8:10.

“இன்னாப்பா, போலாமா? இல்ல இப்பவே தூங்கிட்டியா?”

“கிளியர்ண்ணே. போங்க.”

8:19. திரையில் ஏழாம் மானியின் கோடு தடித்தது. கம்பளிப்பூச்சி மாதிரி. சராசரி பூஜ்யம். வர்க்கப்படுத்தினேன். பூஜ்யம் இல்லை.

பழைய புரோகிராமை ஓட்டினேன். இடம்: வேலிக்குள், ஷாப்ட் வாயருகே. திசை: ஹரோல்ட் அண்ணன் நிற்கும் பக்கம்.

8:21. மூன்று மீட்டர் நகர்ந்திருந்தது. பாறை வெடிப்பு நடந்து போகாது.

போன் செய்தேன்.

“அண்ணே, வெளிய வாங்க. உடனே.”

“இன்னா வெளையாட்டா? இப்பத்தானே போங்கன்ன.”

“வாங்கண்ணே!”

“சரி, கத்தாத. வரேன்... இன்னாப்பா இது, இப்டி குளுருது?”

வேலிக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. க்ளாங்.

பிறகு... இன்னொரு முறை. க்ளாங்.

“நான் வீட்டுக்குப் போறேன். பேட்டரி காலைல பாத்துக்கலாம்.”

வீடு ஆண்டர்சன்பேட்டை.

8:30. ஏழாம் மானி அமைதி. வர்க்கமும் பூஜ்யம். ஆள் தப்பினார் என்று டீ குடித்தேன்.

காலையில் அவர் மனைவி ஜாய் அக்கா போன் செய்தார். “எழுப்பிப் பாத்தேன்பா... எழுந்துக்கல.”

மாரடைப்பு என்றார் டாக்டர். விடியற்காலை நாலு மணி வாக்கில்.

அடக்கம் முடிந்த பிறகு அந்த இரவின் முழுப் பதிவையும் அதே புரோகிராமில் ஓட்டினேன். ஆண்டர்சன்பேட்டையிலும் ஒரு மானி உண்டு. அதுவும் இரவெல்லாம் சராசரி பூஜ்யம் என்றே அனுப்பியிருந்தது.

8:52. இடம்: அவர் வீடு.

வெளியே கூப்பிட்டது நான்.

4:10 வரை அசையவில்லை.

4:11. திசை: ஷாப்ட்.

ஆற்றல்... வந்தபோது இருந்ததைப் போல் சரியாக இரண்டு மடங்கு.