இறுக்கிப் பிடித்த குழாய்

ஜப்பானின் ஹிகாஷி ஒசாகா ஊரில் அப்பா விட்டுப்போன கடைசல் பட்டறையை இருபத்தாறு வருஷமாகக் கத்திக் கத்தியே நடத்தியவர் குராஹாஷி. தினமும் காலை எட்டு மணிக்கு ரேடியோவைக் கேட்டு எல்லோரும் செய்யும் உடற்பயிற்சி முடிந்ததும் மரப்பெட்டி மேல் ஏறி அன்றைய வேலையைச் சொல்வார். கீழே வரிசையில் நிற்கும் ஒன்பது பேரும் ஒரே குரலில் "சரிங்க" என்பார்கள். குரல் பிசகினால் மறுபடி சொல்ல வைப்பார். கை உங்களுடையது, மூளை என்னுடையது என்பதுதான் அவருடைய தாரக மந்திரம். கார் இன்ஜினுக்குத் தடித்த இரும்பு உருளைகள் செய்த காலம் வரைக்கும் அது செல்லுபடியானது.

கார்கள் மின்சாரத்துக்கு மாறின, ஆர்டர் நின்றது. நாயாய் அலைந்து, மருத்துவமனைக் கட்டில் செய்யும் கம்பெனி ஒன்றிடம் மெல்லிய குழாய் வேலைக்குக் கெஞ்சினார். மாதிரி கொண்டுவாருங்கள், பார்க்கலாம் என்றார்கள். அதுவும் கைவிட்டுப் போனால் பட்டறையை மூட வேண்டியதுதான். ஒன்பது வீட்டு அடுப்பும் அதோடு அணையும்.

இரண்டு முறை அனுப்பிய மாதிரியும் திரும்பி வந்தது. குழாய் வட்டமாக இல்லை, நசுங்கியிருந்தது. குராஹாஷி பெட்டி மேல் ஏறி, இயந்திரத்தின் பிடியை இன்னும் இறுக்கிக் கடையுங்கள் என்று கத்தினார். "சரிங்க" என்றார்கள். குழாய் இன்னும் நசுங்கியது.

வெள்ளிக்கிழமை கடைசிக் கெடு. செவ்வாய்க்கிழமை காலை, வாழ்க்கையிலேயே முதல் தடவையாகப் பெட்டி மேலிருந்து கேட்டார்: "யாருக்காவது யோசனை தோணுனா சொல்லுங்க."

"சரிங்க" என்றார்கள் ஒன்பது பேரும், ஒரே குரலில்.

அப்புறம் அவரவர் இயந்திரத்துக்குப் போய்விட்டார்கள். அவரே பழக்கிய பழக்கம், யாரைத் திட்டுவது?

மதியம், பத்தொன்பது வருஷமாகக் கடைசல் இயந்திரத்தில் நிற்கும் நிஷிவாக்கி என்ற அம்மாளிடம் போனார். தொப்பியைக் கழற்றினார். அதுவரை 'நீ' என்றே விரட்டிய வாய் தடுமாறியது.

"எனக்குத் தெரியல. நீங்க சொல்லுங்க, நான் செய்றேன்."

நிஷிவாக்கி சோற்று டப்பாவை மூடினார். "இறுக்குறதுதான் தப்பு, முதலாளி. குழாயச் சுத்தி அலுமினிய வளையம் ஒண்ணு போட்டு லேசாப் பிடிச்சாப் போதும்."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"மொத நாளே தெரியும். பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஒரு தடவ யோசனை சொன்னேன். ஒரு மாசம் கக்கூஸ் கழுவ விட்டீங்க."

குராஹாஷி சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டார். இருவருமாக வளையம் கடைந்தார்கள். குழாய் வட்டமாக வந்தது.

வெள்ளிக்கிழமை அவரே எடுத்துப் போனார். கம்பெனிக்காரர் அளந்து பார்த்துப் பாராட்டினார். பிறகு மரியாதையாக இரண்டு கையாலும் திருப்பிக் கொடுத்தார். இன்னொரு பட்டறையின் மாதிரி முதல் தடவையே சரியாக இருந்ததாம், வேலை அவர்களுக்குத்தானாம்.

திங்கட்கிழமை குராஹாஷி பெட்டியை ஓரம் தள்ளிவிட்டு வரிசைக்கு எதிரே தரையில் நின்றார். நடந்ததை மறைக்காமல் சொன்னார், நிஷிவாக்கிக்கு முதல் நாளே தெரிந்திருந்ததையும் சேர்த்து. கேட்காதது தன் தப்பு என்றார்.

"அடுத்து என்ன செய்யறதுன்னு எனக்குத் தெரியல."

யாரும் "சரிங்க" சொல்லவில்லை. நிஷிவாக்கிதான் பேசினார்.

"உக்காந்து பேசலாமா, முதலாளி? பத்தொன்பது வருஷமா நின்னு நின்னு கால் வலிக்குது."