நாற்பது தப்படி

யாராவது ஃபோன் செய்து, "உங்க வழிக்குறிப்பு பார்த்தோங்க, ஞாயித்துக்கிழமை அந்தப் பக்கமா நடக்கலாம்னு இருக்கோம்" என்று சொன்னால் இன்றைக்கும் நான் அவரைச் சும்மா விடுவதில்லை. எந்த வழி, எத்தனை பேர், வயதானவர்கள் உண்டா, வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டதா என்று குடைந்து எடுத்துவிடுவேன். எதிர்முனையில் இருப்பவர் எரிச்சலாகிவிடுவார். ஆகட்டும். பத்திரமாக வீடு வந்து சேர்ந்தோம் என்று அவர் சொல்லும்வரை எனக்குச் சோறு இறங்காது.

நாங்கள் பதினான்கு பேர். பாபநாசம், பூதலூர், குடவாசல் என்று அவரவர் ஊரில் அவரவர் பிழைப்பைப் பார்த்துக்கொண்டு, ஒழிந்த நேரத்தில் ஓர் ஊருக்கும் அடுத்த ஊருக்கும் நடுவே நடந்து பார்க்கிறவர்கள். சம்பளம் கிடையாது. நடங்கள் என்று எங்களை யாரும் கேட்டுக்கொள்ளவும் இல்லை. கும்பகோணம் ரோட்டில் ஓரமாக நடந்தாலும் பஸ்காரன் காதை உரசிக்கொண்டு போகிறான். ஆனால் ஊருக்கு ஊர் வாய்க்கால் கரை இருக்கிறது, வயல் நடுவே வண்டிப்பாதை இருக்கிறது. அவற்றை ஒன்றோடொன்று சேர்த்து, ஒரு மனுஷன் பயமில்லாமல் நடந்துபோக வழி எழுதி, வரைபடத்தோடு இணையத்தில் போடுவதுதான் எங்கள் வேலை.

முதலில் ஒருவர் நடந்து குறிப்பு எழுதுவார். பிறகு வேறொருவர் தனியாக, அந்தக் குறிப்பை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அதே வழியில் நடப்பார். இதற்கு மறுநடை என்று பெயர் வைத்திருந்தோம். மறுநடை முடிந்தால்தான் வழி வெளியே போகும். கால் படாததை எழுதக் கூடாது என்று ஒரு விதியும் இருந்தது. அந்த விதியைக் கொண்டுவந்து, அதில் கறாராக நின்று, நாலு பேரிடம் கெட்ட பெயர் வாங்கியவன் நான்தான்.

பாபநாசத்தில் எனக்கு மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை. காயிலில் ஒரு சுற்று குறைந்தாலும் மோட்டார் புகைந்துவிடும் என்பதால் எண்ணுவது என் கைக்கும் வாய்க்கும் பழகிப்போன ஒன்று. நடக்கும்போதும் எண்ணுவேன். 'மதகு தாண்டி இருநூற்றுப் பத்துத் தப்படியில் புளியமரம்', 'பாலம் இருபத்தாறு தப்படி, கைப்பிடி உண்டு' என்றெல்லாம் எழுதுவேன். ஒருவர் 'பாதை நன்றாக உள்ளது' என்று மொட்டையாக எழுதியதற்கு வாட்ஸ்அப் குழுவில் வைத்து அவர் மானத்தை வாங்கினேன். அவ்வளவு ஜம்பம்.

அந்த ஜம்பத்துக்கு அடியில் இருந்ததையும் சொல்லிவிடுகிறேன். எனக்கு உயரம் என்றால் பயம். கீழே தண்ணீரும் இருந்துவிட்டால் ஓர் அடிகூட எடுத்து வைக்க மாட்டேன். ஐம்பது வயதில் இதை யாரிடம் சொல்வது? மனைவிக்கே தெரியாது.

பாபநாசத்திலிருந்து வலங்கைமானுக்கு முதல் நடை நடந்தது மே மாதத்தில். ஆறேழு கிலோமீட்டர் தாண்டி ஒரு பெரிய வாய்க்கால் குறுக்கே வந்தது. அதன் மேல் பழைய சிமெண்டு கரண்ட் கம்பங்களைப் போட்டு, ஊர்க்காரர்கள் பாலம் என்று வைத்திருந்தார்கள். நடுவில் ஒரு செங்கல் தூண். இந்தக் கரையிலிருந்து தூண் வரை இரண்டு கம்பங்கள் பக்கத்தில் பக்கத்தில், தூணிலிருந்து அந்தக் கரை வரை இன்னும் இரண்டு. இடையில் ஒரு சாண் சந்து. பிடித்துக்கொள்ள எதுவும் கிடையாது. ஒரு காலை எடுத்து வைத்தேன். கம்பம் ஆடியதா, என் கால் ஆடியதா, தெரியவில்லை. காலை எடுத்துவிட்டேன்.

வாய்க்கால் காய்ந்து கிடந்தது. தூர்வாரிய பொக்லைன் அப்போதுதான் போயிருந்தது, அதன் பல் தடம் மண்ணில் அப்படியே இருந்தது. சரிவில் உட்கார்ந்தபடியே இறங்கி, அடியில் நடந்து, அந்தப் பக்கம் காட்டாமணக்குச் செடியைப் பிடித்து ஏறிவிட்டேன். யாரும் பார்க்கவில்லை. மேலே நின்று பாலத்தைத் திரும்பிப் பார்த்து, கண்ணாலேயே அளந்து, நோட்டில் எழுதினேன்: 'கம்பப் பாலம். உறுதியானது. நாற்பது தப்படி.'

நாற்பது என்ற எண்ணைப் போட்டதும் அது உண்மை மாதிரியே ஆகிவிட்டது. இரண்டு நாளில் நானே நம்பிவிட்டேன்.

இந்த வழியின் மறுநடைக்குத் தன் பெயரைக் கொடுத்தவர், குழுவில் நாங்கள் சிஸ்டர் என்று கூப்பிடும் அம்மா. ஆஸ்பத்திரியில் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர், அறுபத்து மூன்று வயது. வலது முழங்காலில் ஆபரேஷன் ஆனவர். கைத்தடியோடுதான் நடப்பார், ஆனால் யாரையும் துணைக்கு வர விடமாட்டார். "என் முட்டி போற வழியில எல்லா முட்டியும் போகும்" என்பார். அவர் நடந்து சரி சொன்ன வழிக்குக் குழுவில் தனி மரியாதை. கிளம்புமுன் எனக்கு ஃபோன் செய்தார்.

"தம்பி, கம்பப் பாலம்னு போட்டிருக்கீங்களே, நீங்க ஏறி நடந்தீங்கல்ல?"

"நடந்தேங்க சிஸ்டர்."

"இல்ல, எனக்கு நீச்சல் தெரியாது. வாய்க்கால் கரையிலயே பொறந்து வளந்தும் இடுப்புக்கு மேல தண்ணியில எறங்கினதில்ல. அதான் கேக்கறேன்."

"தாராளமா நடக்கலாங்க."

தாராளமா! அந்த வார்த்தை எங்கிருந்து வந்ததோ. இல்லை என்று சொல்ல ஒரு நொடி கிடைத்தது, அந்த நொடியையும் என் வாய் தின்றுவிட்டது. அப்போதும் சமாதானம் சொல்லிக்கொண்டேன், எப்படியும் வாய்க்கால் காய்ந்துதானே கிடக்கிறது, பயந்தால் இறங்கி ஏறிக்கொள்வார் என்று. ஆனால் அவர் மகளுக்குப் பிரசவம் வந்து நடை தள்ளிப்போனது. மேட்டூர் திறந்தார்கள். கல்லணை திறந்தார்கள். கடையில் மோட்டார் வேலை குறைந்தது, ஊரெல்லாம் நாற்றங்கால் பேச்சாக இருந்தது. தண்ணீர் வந்த சந்தோஷத்தில் நானும் ஆற்றுப் பாலத்துக்குப் போய் எட்ட நின்று பார்த்துவிட்டு வந்தேன். கம்பப் பாலத்தின் அடியிலும் அதே தண்ணீர்தான் ஓடும் என்று எனக்கு உறைக்கவேயில்லை.

ஜூன் கடைசியில் ஒரு காலை, எட்டரை மணிக்குக் கடையைத் திறந்துவிட்டு ஃபோனைப் பார்த்தேன். குழுவில் சிஸ்டர் ஆறு மணிக்குப் போட்ட செய்தி இருந்தது. 'வலங்கைமான் மறுநடை தொடங்குகிறேன். தம்பியின் குறிப்பு இருக்கக் கவலை என்ன.' கீழே நாலு பேர் கட்டைவிரல் காட்டியிருந்தார்கள்.

அப்போதுதான் எனக்குக் கம்பப் பாலத்தின் அடியில் ஓடும் தண்ணீர் ஞாபகம் வந்தது. கூப்பிட்டேன். ஃபோன் அணைந்திருந்தது. நடக்கும்போது அணைத்து வைத்துவிடுவது அவர் வழக்கம், அதுவும் எனக்குத் தெரியும். திரும்பத் திரும்ப அதே பெண் குரல் அதையே சொன்னது. கடையை இழுத்து மூடக்கூடத் தோன்றவில்லை. பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

வாய்க்கால் கரையில் வண்டி ஓட்டிப் பழக்கமில்லை. ஒரு பக்கம் வயல், மறுபக்கம் செம்மண் நிறத்தில் தண்ணீர், கரை நிறைய. தூர்வாரியதற்குப் பிறகு வந்த தண்ணீர், ஆழம் தெரியாது. நுரையும் சருகும் போகிற வேகத்தைப் பார்க்கப் பார்க்க எனக்கு வாயில் எச்சில் வற்றிவிட்டது. வழியில் என்னுடைய அடையாளங்கள் ஒவ்வொன்றாக வந்தன. மதகு. புளியமரம். எல்லாம் எழுதியபடியே சரியாக இருந்தன. அதைப் பார்க்கப் பார்க்கத்தான் பயம் கூடியது. இவ்வளவும் சரியாக இருந்தால் பாலத்தையும் நம்பித்தானே ஏறியிருப்பார்? தண்ணீரில் மிதந்து வரும் ஒவ்வொன்றையும் உற்றுப் பார்த்துக்கொண்டே ஓட்டினேன். ஓரிடத்தில் நீலத் துணி ஒன்று செடியில் சிக்கி ஆடியது. வண்டியைப் போட்டுவிட்டு ஓடினேன். உரச்சாக்கு.

பாலத்தை நெருங்கியதும் முதலில் கண்ணில் பட்டது செருப்பு. இந்தக் கரையில், கம்பம் தொடங்கும் இடத்தில், ஜோடியாகக் கழற்றி வைத்திருந்தது. என் காதில் எதுவும் கேட்கவில்லை. சாமி பேரைக் கூடச் சொல்ல வரவில்லை.

"தம்பி!"

தூணின் மேல் உட்கார்ந்திருந்தார். ஓர் ஆள் உட்காரும் அளவு செங்கல் மேடை, அதில் காலை மடக்க முடியாமல் ஒரு காலைத் தொங்கப்போட்டு, இரண்டு கையாலும் விளிம்பைப் பிடித்துக்கொண்டு. கைத்தடியைக் காணோம். அவருக்குக் கீழே தண்ணீர் தூணில் முட்டிச் சுழித்தது.

"அந்தப் பக்கத்துக் கம்பம் உருளுது தம்பி. கால வெச்சதும் பொரண்டுச்சு, தடி போயிடுச்சு. திரும்பி வரலாம்னா முட்டி ஒதறுது. முக்கா மணி நேரமா உக்காந்திருக்கேன், பையிலேந்து ஃபோன எடுக்கக்கூடக் கைய விட முடியல. நல்லவேளை நீங்களே வந்தீங்க. வந்து கையக் குடுங்க."

தூரத்தில் ஒரு டிராக்டர் சேற்றில் சுற்றிக்கொண்டிருந்தது. கையை ஆட்டிக் கத்தினேன். அந்த இரைச்சலில் அவனுக்கு எங்கே கேட்கப் போகிறது. வேறு ஆள் இல்லை.

"வாங்க தம்பி. நீங்க நடந்த பாலம்தானே?"

கம்பத்தில் காலை வைத்தேன். தண்ணீர் ஓடியதில் பாலமே பக்கவாட்டில் நகர்வது போலிருந்தது. காலை எடுத்துவிட்டேன். வெட்கத்தைவிடப் பயம் பெரிதாக இருந்தது. இரண்டையும்விடப் பெரிதாக அவர் முகம் இருந்தது, நம்பிக்கையோடு என்னையே பார்த்துக்கொண்டு.

"சிஸ்டர், நான் நடக்கலைங்க."

"என்னது?"

"இதுல நான் நடக்கல. பயந்துகிட்டுக் கீழ எறங்கிப் போனேன். அப்ப காஞ்சு கெடந்துது. நாப்பதுங்கறது நானாப் போட்டது."

அவர் கீழே ஓடும் தண்ணீரைப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாயிருக்கும். என்னிடம் சொல்வது போலவே இல்லாமல் சொன்னார்.

"தூணுக்கு வரதுக்குள்ளயே முப்பத்தோரு அடி ஆயிடுச்சு. மொத்தமே நாப்பதுன்னு போட்டிருக்காரே, நமக்கு அவ்ளோ சுருங்கிடுச்சா நடைன்னு நெனச்சேன். கம்பம் ஆடினப்பகூட, தம்பிக்கு ஆடலையே, நமக்குத்தான் தள்ளாட்டம்னு நெனச்சேன். இங்க உக்காந்து, இன்னியோட நடக்கறத விட்டுடலாம்னு முடிவே பண்ணிட்டேன் தம்பி."

அதைக் கேட்ட பிறகு கரையில் நிற்க முடியவில்லை. தைரியம் வந்துவிடவில்லை, அதைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கம்பங்களின் மேல் குதிரை ஏறுவது போல உட்கார்ந்து, இரண்டு பக்கமும் காலைத் தொங்கவிட்டு, கைகளை ஊன்றி ஊன்றி நகர்ந்தேன். கண்ணை மூடினால் தலை சுற்றியது, திறந்தால் சந்து வழியே தண்ணீர் தெரிந்தது. அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். வாய் மட்டும் பழக்கத்தில் எண்ணிக்கொண்டே இருந்தது.

தூணை எட்டியதும் அவர் என் தோளைப் பிடித்தார். நான் நடுங்குவதைப் பார்த்து, நர்ஸ் குரலில், "மூச்ச இழுத்து விடுங்க" என்றார். யார் யாரைக் காப்பாற்ற வந்தது என்று அவருக்கும் தோன்றியிருக்கும். அவர் போட்டிருந்த துப்பட்டாவை அவர் இடுப்பிலேயே கட்டி, மறுமுனையை என் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டேன். அவர் கரையைப் பார்த்து உட்கார்ந்து என் பக்கமாக நகர, நான் கரைக்கு முதுகைக் காட்டியபடியே பின்னோக்கி நகர்ந்தேன். அவர் விழுந்திருந்தால் நானும் போயிருப்பேன். எனக்கும் நீச்சல் தெரியாது.

கரை மண்ணில் கை பட்டதும் இருவரும் அப்படியே கிடந்தோம். அவருடைய முழங்கால் வீங்கியிருந்தது. எழுந்து உட்கார்ந்ததும் அவர் செய்த முதல் காரியம் பையிலிருந்து நோட்டை எடுத்ததுதான். என் குறிப்பை அதில் அழகாகப் படியெடுத்து வைத்திருந்தார். நாற்பது என்பதை ஒரு கோடு போட்டு அடித்தார்.

"போறப்ப எத்தனை?"

"அம்பத்தி நாலு தடவ நகர்ந்தேங்க."

"நெஜமா?"

அந்த ஒரு கேள்விக்கு நான் தகுதியானவன்தான். ஆனாலும் தாங்க முடியவில்லை. "நெஜங்க" என்றேன். அவர் அதை எழுதவில்லை. நோட்டை மடியில் வைத்துவிட்டு, "திரும்பி வரப்ப நானும் எண்ணினேன். அம்பத்தி ரெண்டு" என்று தன் எண்ணை மட்டும் எழுதினார். அதன் கீழே, எனக்குக் காட்டுவதற்காகவே பெரிய எழுத்தில் எழுதினார்: 'தூண் வரைதான். அதற்கு அப்பால் இருவருமே நடக்கவில்லை. இந்த வழியில் யாரும் வர வேண்டாம்.'

பைக்கில் உட்காரவைத்துக் கூட்டிக்கொண்டு வந்தேன். அவர் வீட்டு வாசலில் இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டு, தடி இல்லாத கையால் சுவரைப் பிடித்துப் பிடித்து உள்ளே போனார். அன்றைக்கே குழுவில் எல்லாவற்றையும் எழுதி ஒப்புக்கொண்டேன். யார் யாரோ என்னென்னவோ சொன்னார்கள். அவர் மட்டும் பதில் போடவில்லை.

இரண்டு மாதம் கழித்து சிஸ்டர் மறுபடி மறுநடைக்கு வந்தார், புதுத் தடியோடு. இப்போதும் நடக்கிறார். என்னுடைய குறிப்பு என்றால் கிளம்புமுன் ஃபோன் செய்வார். ஒவ்வொரு பாலமாக, ஒவ்வொரு மதகாகக் கேட்பார். "நடந்தீங்களா?" நான் நடந்திருப்பேன், அல்லது நடக்கவில்லை என்று எழுதியிருப்பேன். ஆனாலும் ஆமாம் என்று சொல்வதற்கு முன் நோட்டை எடுத்து இன்னொரு தரம் பார்த்துக்கொள்வேன். நான் சொன்ன பிறகும் அவர், "நெஜமா?" என்பார்.